ரசீது கேளுங்கள்: வெளிநாட்டு வேலைக்குச் சட்டப்படி ஆகும் செலவு

குழித்துறை நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஒருபக்கம் மார்த்தாண்டம், மறுபக்கம் களியக்காவிளை, அதைத் தாண்டினால் கேரளாவின் பாறசாலை. வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டை இந்தப் பகுதியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். விசா மோசடி வழக்குகளும் அதற்கேற்ப ஓயாமல் வருகின்றன. கட்சிக்காரர் கொண்டுவரும் பைக்குள் பாஸ்போர்ட் நகல் இருக்கும், வாட்ஸ்அப் பேச்சின் பிரிண்ட் இருக்கும், நகை அடகு வைத்த சீட்டு இருக்கும். ஏஜெண்ட் கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது மட்டும் இருக்காது.

வளைகுடா வேலைக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பது இங்கே சாதாரணமாகிவிட்டது. கொடுப்பவர்களுக்கும் அது நியாயமான விலையாகத்தான் படுகிறது. பக்கத்து வீட்டுப் பையனும் அவ்வளவுதானே கொடுத்தான்! ஆனால் இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்ட் தன் சேவைக்காக ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்சத் தொகை 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். இந்த ஒரு எண் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், என்னிடம் வரும் வழக்குகளில் பாதி வராது என்று நம்புகிறேன்.

மற்ற செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் சான்றிதழுக்கு 500. மருத்துவப் பரிசோதனைக் கட்டணத்தை அந்த மையத்திலேயே நேரடியாகக் கட்டலாம், ஏஜெண்ட் கை வழியாகப் போக வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் 'இசிஆர்' வகை. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அதற்குக் கட்டணம் 200 ரூபாய். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம்: இரண்டு வருடத்துக்கு 275, மூன்று வருடத்துக்கு 375, வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் கிடைக்கும். புறப்படும் முன் அரசு நடத்தும் ஒருநாள் பயிற்சி இலவசம்.

அப்படியானால் விசாவுக்குப் பணம்? ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் வருடத் தொழிலாளர் சட்டம், வேலைக்கு ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ வாங்கக் கூடாது என்கிறது. கத்தார் சட்டமும் அதற்குத் தடை போடுகிறது. ஆக 'விசா விலை' என்று ஒருவர் உங்களிடம் வாங்கும் லட்சம், இங்கே உள்ள சட்டத்திலும் இல்லை, அங்கே உள்ள சட்டத்திலும் இல்லை.

சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை போட்டு உறுதி செய்யும் அட்டஸ்டேஷன் விஷயத்தில் எல்லைப் பகுதிக்காரர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. வீடு தமிழ்நாட்டில் இருக்கும்; நர்சிங்கோ ஐடிஐயோ படித்தது நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும். மாநில அளவிலான சரிபார்ப்பு, சான்றிதழைத் தந்த மாநிலத்தில்தான் நடக்கும். ஆதார் முகவரியை வைத்து அல்ல. கேரளச் சான்றிதழ் என்றால் வெளிநாடுவாழ் கேரளர்களுக்கான அரசு அமைப்பான நோர்க்கா, தமிழ்நாட்டுச் சான்றிதழ் என்றால் சென்னைத் தலைமைச் செயலகம். பிறகு வெளியுறவு அமைச்சகம். ஒரு நாட்டின் முத்திரையை மற்ற நாடுகள் தூதரகம் இல்லாமலே ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் சவுதி 2022 டிசம்பரில் வந்துவிட்டது, ஓமனும் பஹ்ரைனும் ஏற்கனவே உள்ளே இருக்கின்றன. இந்த நாடுகளுக்கு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும், அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். வாங்கித் தரும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. அமீரகம், குவைத் என்றால் தூதரக முத்திரையும் வேண்டும், அங்கேதான் செலவு கூடும். சவுதிக்குப் போகிறவரிடம் இன்றும் 'எம்பசி செலவு' என்று பெரிய தொகை கேட்டால் சந்தேகப்படுங்கள்.

இனி 'ஃப்ரீ விசா'. பெயரைக் கேட்டதும் இலவசம் என்று தோன்றும். உண்மையில் அதற்குத்தான் அதிக விலை. அரபி ஒருவர் தன் பெயரில் விசா எடுத்துத் தருவார். அவரிடம் வேலை இருக்காது. போகிறவர் வெளியே எங்காவது வேலை தேடிக்கொண்டு, வருடாவருடம் இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க, கஃபீல் எனப்படும் அந்த ஸ்பான்சருக்குப் பணம் கட்ட வேண்டும். ஸ்பான்சரிடம் அல்லாமல் வேறிடத்தில் வேலை செய்வது அந்த நாட்டில் குற்றம். சம்பளம் தராவிட்டால் யார் மேல் புகார் கொடுப்பது? ஒப்பந்தத்தில் உள்ள முதலாளி வேறு, வேலை வாங்கியவர் வேறு. காயம்பட்டால் நஷ்டஈடு கேட்க வழியில்லை. கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களும், கட்டிட வேலைக்குப் போகிற கொத்தனார்களும் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். "சாரே, எல்லாரும் இப்படித்தானே போறாங்க" என்பார்கள். போகிறார்கள்தான். ஒன்றும் நடக்காத வரை ஓடும். நடந்தால் அந்தக் குடும்பத்துக்காக வாதாட என் கையில் ஒரு காகிதம்கூட இருக்காது. அந்த இயலாமை எனக்கு இன்னும் பழகவில்லை.

விசிட் விசாவில் அனுப்பி 'போனபிறகு மாற்றிக்கலாம்' என்பதும் இதே ரகம்தான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கி, 2022இல் மீட்கப்பட்டது நினைவிருக்கும். அவர்கள் படித்த பிள்ளைகள்.

நர்சுகளுக்கு ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 2015 முதல், அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் செவிலியர் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் குடிபெயர்வு அனுமதி வேண்டும். கேரளாவில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக், தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆகிய அரசு அமைப்புகள் இதற்காகவே ஆள் எடுக்கின்றன. ஜெர்மனிக்கு நோர்க்கா வழியாக நடக்கும் 'ட்ரிப்பிள் வின்' திட்டத்தில் மொழிப் பயிற்சி உட்பட செவிலியருக்குக் கட்டணமே இல்லை. கேரளவாசிகளுக்கு மட்டுமா என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது முக்கியம். என் பார்வையில் இன்றைக்கு ஒரு நர்சுக்கு ஆகச் சிறந்த முதலீடு ஜெர்மன் மொழிதான், ஏஜெண்ட் அல்ல.

பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று இனி யாராவது விலை பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். கனடாவில் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் போடலாம். 2024 கட்டணப்படி ஒரு ஆளுக்கு 1,525 கனடிய டாலர். அதற்கு மேல் கணக்கில் காட்ட வேண்டிய சேமிப்பு பத்து லட்சத்தைத் தொடும். அது உங்கள் பணம், யாருக்கும் கொடுப்பதல்ல. கனடா வேலை ஆஃபர் வாங்கினால் விண்ணப்பத்தைத் தரவரிசைப்படுத்தும் பாயிண்ட் கூடும் என்று சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாயிண்டுகளை 2025 மார்ச்சிலேயே கனடா எடுத்துவிட்டது.

ஏஜெண்ட்டை எப்படிச் சோதிப்பது? வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. பதிவு இல்லாதவர்கள் என்று புகார் வந்தவர்களின் பட்டியலும் இருக்கிறது. 'சப் ஏஜெண்ட்' என்று ஒருவரைச் சட்டம் ஏற்பதில்லை. பணத்தை வங்கி வழியாக, அந்தப் பதிவு பெற்ற நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

ஏற்கனவே ஏமாந்தவர்களுக்கு எல்லையில் வரும் முதல் தொல்லை, ஸ்டேஷன் எது என்பது. ஆள் பிடித்தவர் இந்தப் பக்கம், ஆபீஸ் திருவனந்தபுரத்தில். இங்கே போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கே. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் தரலாம் என்கிறது. இதுதான் ஜீரோ எஃப்ஐஆர். களியக்காவிளையிலேயே கொடுங்கள், பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மோசடிக்கு, ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இன்படி ஏழு வருடம் வரை சிறை. பதிவில்லாமல் ஆள் அனுப்பியதற்கு 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டத்தில் இரண்டு வருடம் வரை சிறை. அந்தச் சட்டத்தில் வழக்குப் போட மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பாதிக்கப்பட்டவரோ, அவருக்காக அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோ கொடுக்கும் புகாருக்கு அந்த அனுமதி தேவையில்லை.

ஆள் அங்கே மாட்டிக்கொண்டு சம்பளமோ பாஸ்போர்ட்டோ கையில் இல்லை என்றால், வீட்டிலிருந்தபடியே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். அது நேராகத் தூதரகத்துக்குப் போகும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான அரசு உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் 1800 11 3090 என்ற எண்ணுக்கும் பேசலாம். சென்னையில் அயலகத் தமிழர் நல ஆணையரகம் இருக்கிறது. பாஸ்போர்ட் நகல், விசா நகல், வேலை ஒப்பந்தம், கடைசியாகப் பேசிய தேதி, இவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். இந்த நகல்களை ஆள் விமானம் ஏறும் முன்பே வீட்டில் வாங்கி வையுங்கள்.