எக்லெக்டிக்: கதம்பமா, பொறுக்கலா, தெரிதொகையா?

மதுரைப் பக்கம் கல்லூரி வானொலி, இணைய வானொலி என்று நிகழ்ச்சி செய்யும் இளைஞர்கள் வாயில் இப்போது அடிக்கடி வரும் சொல் ‘எக்லெக்டிக்’. “இன்னைக்கு நம்ம எக்லெக்டிக் லிஸ்ட்ல பங்க் இருக்கு, ராக் இருக்கு, ஆல்டர்நேட்டிவும் இருக்கு” என்று மேற்கத்திய இசை வகைகளை அடுக்கி ஆரம்பித்துவிட்டு நேராகப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் “எல்லாம் கலந்தது”. அங்கேதான் எனக்குச் சண்டை. கலப்பது அந்தச் சொல்லின் வேலை கிடையாது, எடுப்பதுதான் அதன் வேலை.

கிரேக்கத்தில் ‘எக்’ என்றால் வெளியே, ‘லெகெய்ன்’ என்றால் பொறுக்கிச் சேர்ப்பது. இரண்டும் சேர்ந்தால் ஒரு குவியலிலிருந்து வேண்டியதை வெளியே எடுப்பது என்று ஆகிறது. அதிலிருந்து ‘எக்லெக்டிகோஸ்’, அதாவது தெரிந்தெடுக்கும் இயல்புள்ளவர். முதலில் இந்தப் பெயர் இசைக்கு வரவில்லை, தத்துவக்காரர்களுக்குத்தான் வந்தது. அலெக்சாந்திரியாவில் பொட்டமோன் என்று ஒருவர் இருந்தார். எந்த ஒரு குருகுலத்துக்கும் முழுதாகத் தலையாட்டாமல், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தனக்குச் சரி என்று பட்டதை மட்டும் எடுத்துத் தன் வழியை அமைத்தார் என்று பழைய கிரேக்க நூல் சொல்கிறது. பிறகு இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்து, ஓவியம், கட்டடக்கலை என்று சுற்றி இசைக்கும் வந்து சேர்ந்தது. எங்கே போனாலும் அடிப்படை ஒன்றுதான். எடுக்கிறவர் என்று ஒருத்தர் இருக்க வேண்டும், அவருக்கென்று ஒரு காதும் ஒரு தீர்ப்பும் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அள்ளினால் அது எக்லெக்டிக் ஆகாது.

வானொலியில் இந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை வந்ததற்குக் காரணம் அதன் எதிர்ப்பக்கம். 1950களில் அமெரிக்காவில் ‘டாப் 40’ என்ற முறை பரவியது. விற்பனையில் முன்னணியில் இருக்கும் பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சுற்றுவது. நம் ஊர் எஃப்எம்மில் காலையில் கேட்ட அதே சினிமாப் பாட்டை மதியமும் மாலையும் கேட்கிறோமே, அதற்கு மூத்த தாத்தா அதுதான். அந்த முறையில் பாட்டைத் தேர்வது பட்டியல், அறிவிப்பாளர் பட்டியலைப் படிக்கிறவர். அந்தப் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு, நான் கேட்டு எனக்குப் பிடித்ததைத்தான் போடுவேன் என்று உட்கார்ந்தவர்களின் நிகழ்ச்சிகளுக்குத்தான் எக்லெக்டிக் என்ற அடைமொழி பொருந்தி வந்தது.

இதற்கு ஒரே ஓர் ஆளைக் காட்டச் சொன்னால் நான் ஜான் பீலைத்தான் காட்டுவேன். பிரிட்டன் வானொலி அறிவிப்பாளர், 1967இல் பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது சேர்ந்தவர், 2004இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பங்க், ரெகே, ஹிப் ஹாப், ஜிம்பாப்வே நாட்டு கிட்டார் இசை என்று ஒரே இரவில் அடுத்தடுத்து வரும். 1976இல் நியூயார்க்கின் ரமோன்ஸ் என்ற பங்க் குழு முதல் ஆல்பத்தை வெளியிட்டது, 14 பாட்டு, மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. அதை எடுத்துப் போட்டார், பழைய நேயர்கள் சிலர் எரிச்சலடைந்தார்கள், அவர் நிறுத்தவில்லை. 1978இல் வட அயர்லாந்தின் டெர்ரி ஊர்ப் பையன்கள், அண்டர்டோன்ஸ் என்று பெயர், அவர்கள் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, முடிந்த கையோடு அதையே இன்னொரு முறை போட்டார். பட்டியல் ஒருநாளும் அப்படிச் செய்யாது. மனுசன் செய்வான்.

பீல் நிகழ்ச்சியின் பின்னால் ஒரு சுவையான காரணமும் இருக்கிறது. இசைக்கலைஞர்கள் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோடும் இருந்த ஒப்பந்தத்தால், ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் இசைத்தட்டைச் சுற்றலாம் என்று பிபிசிக்கு ஒரு வரம்பு இருந்தது. அதற்குப் பெயரே ஊசி நேரம், தட்டின் மேல் ஊசி ஓடும் நேரம். மிச்ச நேரத்தை நிரப்ப, குழுக்களையே ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, வழக்கமாக ஒரே நாளில் நான்கு பாட்டு பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். சொந்தமாகத் தட்டு வெளியிடவே வழியில்லாத சின்னக் குழுக்கள் பல இப்படித்தான் முதன்முதலில் காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1988இல் அந்த வரம்பு போன பிறகும் பீல் அந்தப் பதிவுகளை விடவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். அகராதிகளைப் புரட்டினால் ‘பல்வகை’, ‘கலவை’, ‘பலதிறப்பட்ட’ என்றெல்லாம் கிடைக்கும். பல்வகை என்பது எண்ணிக்கையைச் சொல்கிறது, கலவை சேர்ந்ததைச் சொல்கிறது. எடுத்தவர் யார் என்ற கேள்விக்கு இரண்டிலும் இடமில்லை.

அடுத்து எல்லோருக்கும் நாக்கு நுனியில் வருவது கதம்பம். மதுரைக்காரனாக எனக்கு இந்தச் சொல்லைத் தள்ள மனசே வராது. வடமொழியில் ‘கதம்ப’ என்பதற்குத் திரள் என்றும் பொருள், கடம்ப மரம் என்றும் பொருள். நம் ஊரோ கடம்பவனம். மீனாட்சியம்மன் கோயிலின் தல மரமும் கடம்புதான். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் சேர்த்துக் கட்டுவதைக் கதம்பம் என்று கேட்டுத்தான் இங்கே பூ வாங்குகிறோம். பத்திரிகையில் துணுக்குகளைச் சேர்த்துப் போட்டால் கதம்பம், மேடையில் பலதும் கலந்து நடந்தால் கதம்ப நிகழ்ச்சி. ஆகவே பங்கும் ராக்கும் ஆல்டர்நேட்டிவும் சேர்ந்து வரும் ஒரு மணி நேரத்தைக் கதம்பம் என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. நிகழ்ச்சிக்குப் பெயராக வையுங்கள், தாராளமாக. ஆனால் எக்லெக்டிக் என்ற பண்புக்கு நேர்ச்சொல்லாக அது போதாது, ஏனென்றால் அது கட்டி முடித்த மாலையைச் சொல்கிறது, பூவைத் தெரிந்த விரலைச் சொல்லவில்லை.

கிரேக்க வேருக்கு நேரே நிற்கும் தமிழ் வினை பொறுக்குதல். அரிசியில் கல் பொறுக்குகிறோம், விதைக்கென்று நல்ல கதிராகப் பொறுக்குகிறோம், உசிலம்பட்டிப் பக்கம் கோடையில் வேப்பமுத்து பொறுக்கப் போகிறார்கள். வேண்டாததை நீக்குவதும் பொறுக்கல், வேண்டியதை எடுப்பதும் பொறுக்கல். இரண்டும் இல்லாமல் தெரிவு என்று ஒன்று இல்லை. எக்லெக்டிகோஸ் என்பதை வேரோடு தமிழாக்கினால் பொறுக்குகிறவர், அதாவது ‘பொறுக்கி’.

இந்த இடத்தில் பங்க் என்ற சொல்லையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இரண்டும் தமிழில் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் பங்க் என்றால் விலைமகள். அமெரிக்காவில் இற்றுப்போய், நெருப்புப் பற்றவைக்க மட்டும் உதவும் மரத்துக்கும் இதே பெயர். இருபதாம் நூற்றாண்டில் சில்லறைக் குற்றம் செய்து திரியும் பையன், உருப்படாதவன் என்ற வசவாகிவிட்டது. 1971இல் அமெரிக்காவின் க்ரீம் என்ற இசைப் பத்திரிகையில் ‘பங்க் ராக்’ என்று எழுதினார்கள். 1976 தொடக்கத்தில் நியூயார்க்கில் பங்க் என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்தது. திட்டிய சொல்லை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். அந்தப் பொருளில் பங்க் என்பதற்குத் தமிழில் பொறுக்கி என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. நம் பொறுக்கியும் பிறவியிலேயே வசவு இல்லை; கீழே கிடப்பதை எடுத்துப் பிழைக்கிறவர் என்ற பொருள்தான், அப்படிப் பிழைக்கிறவர்களைக் கேவலமாகப் பார்த்த கண்தான் அதை வசவாக்கியது. பிறர் ஒதுக்கிய பாட்டைப் பொறுக்குகிறவரும், ஒதுக்கப்பட்ட பாட்டைப் பாடுகிறவரும் ஒரே சொல்லில் சந்திக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் வானொலியில் ஒருவரைப் பொறுக்கி என்று அறிமுகப்படுத்த முடியாது, வீட்டில் பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையை வைத்துக்கொள்ளலாம்: ‘பொறுக்கியெடுத்த பாட்டு’. பேச்சில் இது சுத்தமாக வேலை செய்கிறது.

எழுத்தில் இன்னும் கொஞ்சம் கட்டுக்கோப்பான சொல் வேண்டும் என்றால் தெரிதல் இருக்கிறது. இன்று தெரியும் என்றால் அறிவேன் என்று ஆகிவிட்டது, பழைய தமிழில் தெரிதலுக்கு ஆராய்ந்து எடுத்தல் என்றும் பொருள். குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. இலங்கைத் தமிழர்கள் தேர்வு என்று நாம் சொல்லும் பல இடங்களில் இன்றும் தெரிவு என்றே சொல்கிறார்கள், தெரிவுக்குழு, தெரிவு செய்யப்பட்டார் என்று.

இதோடு தொகையைச் சேர்க்கலாம். தொகை என்றால் தமிழனுக்கு எட்டுத்தொகை. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. 400 பாட்டை அவர் அடுக்கிய முறையைப் பாருங்கள். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 என்று வந்தால் நெய்தல். ஒரு பிரிவுப் பாட்டுக்கு அடுத்து ஒரு கூடல் பாட்டு, மறுபடி பிரிவு, அப்புறம் காத்திருப்பு என்று மனநிலை மாறிக்கொண்டே போகும், ஆனால் மாறுவதற்கு ஒரு கணக்கு இருக்கும். நூலின் நடுப்பகுதிக்கு வைத்த பெயர் மணிமிடை பவளம், மணிகளுக்கு இடையே கலந்து வரும் பவளம். கடைசிப் பகுதி நித்திலக் கோவை. வெவ்வேறு புலவர், வெவ்வேறு காலம், வெவ்வேறு நிலம், எடுத்து வரிசைப்படுத்தியது ஒரு காது. எக்லெக்டிக் என்பதன் முழுப் பொருளும் இதில் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை ‘தெரிதொகை’. தெரிந்த, தெரிகின்ற, தெரியும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. எக்லெக்டிக் பிளேலிஸ்ட் என்றால் தெரிதொகைப் பாட்டுக்கோவை. நீளம் என்று தோன்றினால் தெரிதொகை மட்டும் போதும்.

இந்த வேலையைச் செய்தவர்கள் நம் ஊரில் வானொலி நிலையத்துக்கு வெளியேயும் இருந்தார்கள். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்றால் ‘ரேடியோ செட்டு’ கட்டுவது என்று சொல்வோம். பனைமரத்திலும் மாடியிலும் குழாயைக் கட்டி, ஒரு பெட்டி இசைத்தட்டோடு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டில் தொடங்கி, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, மதுரையிலேயே பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் தத்துவப் பாட்டு, பந்தி நேரத்துக்கு ஒன்று, பெண்ணை அழைத்து வரும்போது ஒன்று என்று நேரம் பார்த்து மாற்றுவார். கூட்டத்தின் முகத்தைப் பார்த்து அடுத்த தட்டை எடுக்கிற அந்தக் கைதான் தெரிதொகையின் கை.

ராக், ஆல்டர்நேட்டிவ் பற்றிச் சுருக்கமாக. ராக் என்பதைப் ‘பாறை இசை’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். இங்கே ராக் என்பது ஆடுவது, அசைவது. கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1951 முதல் கிளீவ்லாண்ட் வானொலியில் ஆலன் ஃப்ரீட் என்பவர் ‘ராக் அண்ட் ரோல்’ என்ற பெயரைப் பரப்பினார். பெயராகிவிட்ட சொல், அப்படியே ராக் என்று விடுங்கள். ஆல்டர்நேட்டிவ் என்பதற்கு மாற்று இசை தாராளமாகப் பொருந்தும், மாற்று சினிமா என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டோம். 1980களில் பெரிய நிலையங்கள் எடுக்காத குழுக்களை அமெரிக்கக் கல்லூரி வானொலிகள் எடுத்தன, அந்த ஒதுங்கிய இசைக்குத்தான் இந்தப் பெயர் நிலைத்தது. 1992 ஜனவரியில் நிர்வாணா குழுவின் ஆல்பம் மைக்கேல் ஜாக்சனைத் தள்ளிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பிறகு, எதற்கு மாற்று என்ற கேள்வி வந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இனி மைக் முன்னால் எப்படிச் சொல்வது என்று கேட்டால், “இந்த வாரத் தெரிதொகையில் ஒரு பங்க், இரண்டு ராக், ஒரு மாற்று இசைப் பாட்டு” என்று சொல்லலாம், அல்லது “உங்களுக்காகப் பொறுக்கியெடுத்த நாலு பாட்டு” என்று சொல்லலாம். குழுவின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், ஊரையும் வருடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரமோன்ஸ் என்பதோடு நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதிப் பையன்கள், 1976 என்றால் கேட்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது. அப்புறம் எடுத்தவர் பெயரை விடாமல் சொல்லுங்கள், நீங்களே எடுத்திருந்தாலும் சரி, திருமங்கலத்திலிருந்து ஒரு நேயர் கேட்டு எழுதியிருந்தாலும் சரி.