எச்.ஐ.வி.யுடன் வாழும் குழந்தைக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டால்: சட்டமும் திட்டங்களும்

எச்.ஐ.வி. கிருமி சிறுநீரகத்தின் வடிகட்டிகளை நேரடியாகவே தாக்கக்கூடும். அப்போது சிறுநீரில் புரதம் கசியும், சில குழந்தைகளுக்கு முகமும் காலும் வீங்கும். இதற்கு முதல் மருத்துவம், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. என்ற கூட்டு மருந்து சிகிச்சைதான். இந்திய அரசு 2004 ஏப்ரல் முதல் ஏ.ஆர்.டி. மையங்கள் வழியாக இதை இலவசமாக வழங்கிவருகிறது. 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, பரிசோதனை வசதியையும் இம்மருந்தையும் இயன்றவரை வழங்குவதை அரசின் பொறுப்பாக்கியுள்ளது.

பத்து வயதும் 30 கிலோ எடையும் கடந்தவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் ஏ.ஆர்.டி. மாத்திரையில் டெனோஃபோவிர் என்ற மருந்து இருக்கிறது. அது சிலருக்குச் சிறுநீரக நுண்குழாய்களைப் பாதிக்கும் என்பதால், சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு உள்ளது என்ற பரிசோதனையும் எப்போது செய்யப்படும் என்று மையத்தில் கேட்டறிய வேண்டும். பெரியவர்களுக்கு இயல்பான கிரியேட்டினின் அளவு சிறு குழந்தைக்கு மிகையாக இருக்கலாம். குழந்தையின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் சிறுநீரகத்தின் செயல்திறன் தெரியும். பாதிப்பு தெரிந்தால் மருத்துவர் மாற்று மருந்து தருவார்; பெற்றோர் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்குப் பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் உண்டு. தமிழ்நாட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்.

குடும்பங்கள் பெரிதும் அஞ்சுவது, எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் மருத்துவமனை திருப்பி அனுப்பிவிடுமோ என்பதைத்தான். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும், எச்.ஐ.வி. பரிசோதனை செய்தால்தான் சிகிச்சை என்று நிபந்தனை விதிப்பதும் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. மீறினால், இச்சட்டத்தின் கீழுள்ள மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) புகார் அளிக்கலாம். அவர் 30 நாள்களுக்குள் ஆணையிட வேண்டும், அவசர மருத்துவத் தேவை எனில் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் ஆணையிட வேண்டும். டயாலிசிஸுக்குக் காத்திருக்கும் குழந்தைக்கு இந்த இரண்டாவது விதியே உயிர்நாடி. ஆகவே புகாரிலேயே அவசரத் தேவை என்பதைத் தெளிவாக எழுதி, மருத்துவரின் குறிப்பையும் இணைப்பது நல்லது.

பெற்றோர் நோயுற்று இயலாத நிலையிலிருக்கும் வீடுகளுக்காகவும் ஒரு பிரிவு இச்சட்டத்தில் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை: குடும்பத்தை நடத்திவரும், போதிய முதிர்ச்சியுள்ள 12 வயது நிரம்பிய அண்ணனோ அக்காளோ, 18 வயது ஆகாவிட்டாலும், தம்பி தங்கையின் சிகிச்சைக்குப் பாதுகாவலராகச் செயல்படலாம்.

ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.