எம்பஸி கட்டாத பில்

விடுமுறைக் காலம் வந்துவிட்டால் தூதரகத்தின் அவசரத் தொலைபேசிக்கு இரவிலும் ஓய்வு கிடையாது. பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று யாராவது அழைத்தால் எங்களுக்கு நிம்மதிதான். அடையாளத்தைச் சரிபார்த்து, ஊர் திரும்ப அவசரப் பயண ஆவணம் கொடுத்துவிடலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்புகள் அப்படி முடிவதில்லை.

அவற்றில் அடிக்கடி வருவது வாடகை ஸ்கூட்டர் விபத்து. ஓட்டியவரிடம் கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கும். இரண்டு சக்கர வண்டிக்கு லைசென்ஸ் உண்டா, ஹெல்மெட் போட்டிருந்தாரா, குடித்திருந்தாரா என்றுதான் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பார்கள். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் அவர்கள் கையை விரித்துவிடலாம். அந்த பில்லை நாங்களும் கட்ட மாட்டோம். வீட்டாருக்குத் தகவல் சொல்வோம், பணம் வந்து சேர வழி சொல்வோம், மருத்துவர்கள், வக்கீல்கள் பட்டியல் தருவோம். "அப்புறம் எதுக்கு எம்பஸி?" என்று அப்பாக்கள் கத்துவார்கள். பதில் சொல்லிப் புரியவைக்கும் நேரமா அது? பாலிசியில் ஸ்கூட்டருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கிளம்பும் முன்பே படித்திருக்க வேண்டும். கடைக்காரர் பாஸ்போர்ட்டை ஈடாகக் கேட்டால் வேறு கடை பாருங்கள்.

கைதானால் ஜாமீன் வாங்கித் தருவதும் எங்கள் வேலையில்லை. ஆனால் தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவுப்படி, கைதானவர் கேட்டால் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து பலர் கேட்பதே இல்லை. தகவல் வந்தால்தான் நாங்கள் நேரில் வந்து பார்க்கவும், ஒழுங்காக நடத்துகிறார்களா என்று கேட்கவும் முடியும்.

போன் செய்துகொண்டிருக்க நேரமே இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியங்கில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மது குடித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். மதுவில் அது கலந்திருப்பதை நாக்கு காட்டிக்கொடுக்காது. கடுமையான அறிகுறிகள் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதற்குள் போதை இன்னும் தெளியவில்லை என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும்.

இதற்காகச் சுவரொட்டி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொண்டாட்டத்தில் இருப்பவர் சுவரைப் படிப்பதில்லை. ஹாஸ்டல் வரவேற்பில் இருப்பவர்களிடம் பேசிவைப்பது பலன் தரும். மதியம் வரை எழாதவரின் கதவைத் தட்டக்கூடியவர்கள் அவர்கள்தான். பார்வை மங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் எங்களை அழைக்கும் முன் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மெத்தனாலாக இருக்கலாம் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன. அதே பாட்டிலில் குடித்தவர்களையும் கூட்டிப்போங்கள், அவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும்.