உருண்டைப் பூச்சிக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு

“பாத்தி முழுக்க இதுதான் சார். தொட்டால் உருண்டையாகிவிடுகிறது. நேற்றே மருந்து ஊற்றினேன், சாகவில்லை. அளவைக் கூட்டட்டுமா?” இந்த மாதத்தில் இப்படிக் கேட்பவர் இவர் ஐந்தாவது ஆள். அவர் நீட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீரை நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நூலாக இளைத்து, அப்படியே சாய்ந்து கிடக்கிறது. அது நாற்றழுகல். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வரும் நோய். உருண்டைப் பூச்சிகள் அழுகியதைத் தின்ன அப்புறமாக வந்தவை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். வாடிய செடிக்கு அடியில் இருந்தது என்பதற்காக அதுதான் வாட்டியது என்று ஆகிவிடுமா? காய்ந்த சருகு, அழுகிய தண்டு, மட்கு, இவைதான் அதன் முதன்மையான உணவு. பெயரில்தான் பூச்சி. புரட்டிப் போட்டு எண்ணுங்கள், 14 கால் இருக்கும். பூச்சிக்கு 6தான். இது இறால், நண்டு வகையறா. செவுள் போன்ற உறுப்பால் மூச்சுவிடுவதால் ஈரம் இல்லாமல் பிழைக்காது. (மரவட்டையும் இல்லை. அது தட்டையாகச் சுருளும், இது குண்டுமணியாக உருளும்.)

சரி, ஒன்றுமே செய்யாதா? செய்யும். கூட்டம் பெருகினால் முளைவிடும் நாற்றையும், மண்ணில் படிந்து கிடக்கும் வெள்ளரிப் பிஞ்சையும் கடிக்கும். அதை இரவில் டார்ச்சோடு போய், கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பளபளக்கும் கோழைத் தடம் இருந்தால் நத்தை. தண்டு அடியோடு துண்டாகிக் கிடந்தால் வெட்டுப்புழுவாக இருக்கலாம், பக்கத்து மண்ணைக் கிளறுங்கள்.

உருண்டைப் பூச்சிதான் என்று உறுதியானால், மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், காலையில் ஊற்றுங்கள். மூடாக்கை (மண்ணை மூடப் பரப்பிய சருகு, வைக்கோல்) தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள். பாத்தியோரம் கிடக்கும் பலகை, உடைந்த தொட்டி எல்லாம் அதற்குக் குடியிருப்பு. எடுங்கள். பாதி உருளைக்கிழங்கைக் குடைந்து இரவில் கவிழ்த்து வைத்தால் காலையில் உள்ளே மொய்த்துக்கொண்டிருக்கும். கொல்ல வேண்டாம், மட்குக் குழியில் தட்டிவிடுங்கள், அங்கே நமக்கு வேலை செய்யும். காய்களுக்கு அடியில் ஓடோ கம்போ கொடுத்துத் தூக்கிவிடுங்கள்.

என்ன மருந்து ஊற்றினீர்கள் என்று அவரிடம் கேட்டேன். “லேபிள் கிழிந்துவிட்டது சார்.” தயவுசெய்து அந்தக் கீரையைச் சமைக்காதீர்கள். கழுவினால் போய்விடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.