மக்ரோனி என்றால் சேமியா அல்ல

"தொப்பியில் இறகைச் செருகி, அதற்கு மக்ரோனி என்று பெயர் வைத்தான்." அமெரிக்கர்களின் 'யாங்கி டூடுல்' பாட்டைத் தமிழில் சொல்ல வருகிறவர்கள் இப்படி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு 'ஒருவகைச் சேமியா' என்று விளக்கம் வேறு. இறகுக்கும் சேமியாவுக்கும் என்ன சம்பந்தம்?

'யாங்கி' என்பது அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்துக்காரர்களின் பட்டப்பெயர்; 'யான்' என்ற டச்சுப் பெயரிலிருந்து வந்ததாகப் பலர் ஊகிக்கிறார்கள். 'டூடுல்' அன்று அசடு, மண்ணாந்தை. கிறுக்கல் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. மக்ரோனி இத்தாலியப் பண்டம்தான். ஆனால் 1760, 70களில் இத்தாலி சுற்றிவிட்டு லண்டன் திரும்பிய பணக்கார வாலிபர்களையும் ஊரார் அப்படித்தான் அழைத்தார்கள். கோபுரம் போலப் பொய்முடி, அதன் உச்சியில் குட்டித் தொப்பி, உடலை ஒட்டிப் பிடிக்கும் சட்டை.

பாட்டு, பிரிட்டிஷ் சிப்பாய்கள் அமெரிக்கக் குடியேற்றக்காரர்களைக் கேலி செய்யப் பாடியது. ஒற்றை இறகைச் செருகியதுமே லண்டன் சீமானாகிவிட்டதாக நினைக்கும் பட்டிக்காட்டான் என்பதுதான் நக்கல். கேலிக்கு ஆளானவர்களே அப்புறம் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். அமெரிக்க விடுதலைப் போரில், 1777இல் சரட்டோகாவில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது இதைத்தான் வாசித்தார்கள். 1978 முதல் கனெக்டிகட்டின் மாநிலப் பாடலும் இதுவே.

சரி, தமிழில் என்ன சொல்வது? தனித்தமிழ் அன்பர்கள் 'நாகரிகம்' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. நஞ்சு பெய்வதைக் கண்டும் உண்டு அமைவதை 'நயத்தக்க நாகரிகம்' என்றார் வள்ளுவர். அந்தச் சொல்லில் கண்ணியம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. "இறகைச் செருகி, நாகரிகம் என்றான்" என்றால் அவன் திருந்திவிட்டான் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். கேலி எங்கே போயிற்று? 'பகட்டு' பரவாயில்லை, ஆனால் அது பார்ப்பவர் சொல்லும் வசை. தன் தொப்பியைத் தானே மெச்சுகிறவன் "இது பகட்டு" என்பானா? 'மைனர்' கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் மைனரிடம் பெண்பித்து வாடை உண்டு, மக்ரோனியைப் பெண்மைச் சாயல் என்றல்லவா பழித்தார்கள்.

என் ஓட்டு 'ஷோக்கு'க்கு. "தொப்பியில் இறகைச் செருகினான், இதுதான் ஷோக்கு என்றான்." பெருமையும் இளக்காரமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஆளைச் சொல்ல 'ஷோக்குப் பேர்வழி'. உருதுவழி வந்த சொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், மக்ரோனியும் ஆங்கிலத்துக்கு இரவல்தானே. அகராதியின் முதல் பொருளோடு கடையைக் கட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் பாட்டின் பெயரையே 'யாங்கி கிறுக்கல்' என்று மாற்றாமல் விட்டால் போதும்.