ஒரே பெயரில் மூன்று பெட்டிகள்

மென்பொருள் வடிவமைப்பில் ஒரே பொருளைப் பல முறை வரைந்துவிட்டு, கணக்கு தப்பியதும் என்னிடம் வந்து நிற்பது இது மூன்றாவது கடை. காரைக்குடியில் முறுக்கும் சீப்புச் சீடையும் விற்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பொட்டலத்தில் வரும் முறுக்கு, மிக்சர் வகைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கடை பில்லில் 5 வந்துவிட்டது. ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு மட்டும் 12 விழுந்துகொண்டே இருந்தது. “வரி ஒரே இடத்துலதானே அண்ணே இருக்கு, படத்தைப் பாருங்க” என்றார் மென்பொருள் எழுதிய தம்பி.

பார்த்தேன். மென்பொருளின் அமைப்பைப் பெட்டியும் அம்புமாக வரையும் கருவியான ஸ்டார்யூஎம்எல்லில் மூன்று படங்கள், ஒவ்வொன்றிலும் ‘வரி’ என்று ஒரு பெட்டி. உறுப்புகளையெல்லாம் மரம்போல் கிளைவிட்டுக் காட்டும் மாடல் எக்ஸ்ப்ளோரரை விரித்தால், பில்லிங், ஸ்டாக், ஆன்லைன் ஆர்டர் என்ற மூன்று பேக்கேஜுக்குள்ளும் (உறுப்புகளைத் தொகுத்து வைக்கும் பைகள்) தனித்தனியாக ஒரு ‘வரி’. எழுதிய நிரலிலும் அப்படியே மூன்று.

எத்தனை முறை சொல்வது? ஸ்டார்யூஎம்எல் வெறும் வரைபலகை இல்லை. படம் வேறு, படத்துக்குப் பின்னால் உறுப்புகளை வைத்திருக்கும் மாடல் வேறு. ‘வரி’ மாடலில் ஒரே ஒரு முறைதான் இருக்க வேண்டும். பத்துப் படத்தில் வேண்டுமா, மாடல் மரத்திலிருந்து பத்து முறை இழுத்துப் போடுங்கள். ஓரிடத்தில் பெயரை மாற்றினால் பத்திலும் மாறும். புதுப் பெட்டி வரைந்து அதே பெயரைத் தட்டினால், கருவிக்கு அது வேறொரு ஆள். அழிப்பதும் அப்படித்தான். படத்திலிருந்து எடுத்தது மாடலில் அப்படியே உட்கார்ந்திருக்கும். மாடலிலிருந்து நீக்கத் தனிக் கட்டளை உண்டு. வெறும் படம் போதுமென்றால் டிரா.ஐஓ போன்ற வரைகருவி போதுமே.

அப்புறம், பேக்கேஜுக்கு எழுதியவர் பெயரை வைக்காதீர்கள். செய்யும் வேலையின் பெயர் வையுங்கள். நம்மூர் செட்டிநாட்டு வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், வளவு என்கிற முற்றத்தைச் சுற்றித் தனி அறை, தனிச் சாவி. பக்கத்து அறைக்குப் போக வேண்டுமென்றால் வளவுக்கு வந்து அந்த வாசல் வழியாகத்தான் நுழைய முடியும். மென்பொருளின் உட்பிரிவான சப்சிஸ்டமுக்கு அந்த வாசல்தான் இன்டர்ஃபேஸ். படத்தில், வேலையைச் செய்து கொடுப்பதற்குக் குச்சிமிட்டாய்க் குறி, கேட்பதற்கு அரைவட்டம். அதை வரையாமல் விட்டால் சுவரில் ஓட்டை போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள்.

ஒரு பேக்கேஜ் இன்னொன்றை நம்பியிருப்பதைக் காட்டும் புள்ளிக்கோட்டு அம்பு போன இடத்திலிருந்தே திரும்பி வந்தால் நிரல் எழுதுவதை நிறுத்துங்கள். மாடல் கோப்பையும் நிரலோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) போடுங்கள், தயவுசெய்து.

தம்பி மூன்றையும் ஒன்றாக்கி நேற்று அனுப்பினார். வரி சரி. ஸ்டாக்கிலிருந்து பில்லிங்குக்கு ஓர் அம்பு மட்டும் இன்னும் திரும்பிப் போகிறது. நாளைக் காலை அவரோடு உட்கார வேண்டும்.