ஹாரன் சத்தமும் உடம்பின் பிரேக்கும்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸைக் கையில் வாங்கிய நேரம், முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் ஏர் ஹாரன் அடிக்கிறது. கண் மூடித் திறக்கிறது, தோள் ஏறுகிறது, டீ விரலில் சிந்துகிறது. "அட, சேலம் பஸ்" என்று புரிவது அதற்கு அப்புறம்தான். மூளைத்தண்டில் இருக்கும் ஒரு குறுக்குவழி, சத்தம் காதில் விழுந்ததுமே தண்டுவடம் வழியாகத் தசைகளைச் சுண்டிவிடுகிறது. இமை மூடத் தொடங்க சுமார் 0.04 நொடி போதும்.

நாலாவது ஹாரனுக்கு அவ்வளவாகத் தூக்கிப்போடாது, பழகிவிடும்.

அந்தப் பழக்கம் கைவிட்டுப் போகும் அரிய நோய் ஒன்று உண்டு, பெர்ம் (PERM) என்பார்கள். மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் அழற்சி. தட்டு விழுந்தாலோ, மூக்குத்தண்டில் விரலால் லேசாகத் தட்டினாலோகூட ஒவ்வொரு முறையும் உடம்பே துள்ளும். முதுகும் காலும் கட்டையாக விறைக்கும். பலருக்கு நினைவு தெளிவாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை.

கோளாறு பிரேக்கில். தசையை இயக்கும் நரம்பணுக்களை அடக்கி வைப்பது கிளைசின் என்ற சின்ன வேதிப்பொருள். அது நரம்பணுவின் மேலிருக்கும் ஏற்பி என்ற பூட்டில் சாவி போல வந்து ஒட்டியதும் குளோரைடு உள்ளே நுழையும், நரம்பணு அமைதியாகும். இந்த நோயாளிகள் பலரின் உடம்பு, தன் சொந்த கிளைசின் ஏற்பிகளையே எதிரியாக நினைத்து ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. 2008இல்தான் இது முதலில் தெரியவந்தது.

"எட்டி பழுத்தென்ன" என்கிறோமே, அந்த எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னைன் அடைப்பதும் இதே ஏற்பியைத்தான். அதைத் தின்ற நாய் காலடிச் சத்தத்துக்கே வில்லாக விறைக்கும். ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் நஞ்சோ கிளைசினை வெளியே வரவே விடாது. ரணஜன்னி வந்தவரைச் சத்தமில்லாத இருட்டறையில் படுக்க வைப்பது அதனால்தான். மூன்றும் வேறு வேறு கதைகள், அறுபடுவது ஒரே பிரேக்.

நம் ஊர்ப்பக்கம் இப்படி ஒருவர் துள்ளினால், "எதையோ பார்த்து பயந்துட்டான்" என்று மந்திரித்துக் கயிறு கட்டப் போவார்கள். அந்த நாட்கள் வீணாவதை நினைத்தால் மனம் பதறுகிறது. நரம்பியல் மருத்துவரிடம் இதற்கு வழி இருக்கிறது. குளோனசெபாம் போன்ற மாத்திரைகள் காபா என்கிற இன்னொரு பிரேக்கை அழுத்தித் துள்ளலைக் குறைக்கும். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகியவை ஆன்டிபாடிகளின் வேகத்தைத் தணிக்கும். சிலருக்கு நெஞ்சில் தைமஸ் என்ற சுரப்பியில் கட்டி இருக்கலாம் என்பதால் ஸ்கேனும் எடுப்பார்கள். சீக்கிரம் தொடங்கினால் பலர் எழுந்து நடக்கிறார்கள். மருந்தைக் குறைக்கும்போது திரும்பவும் தலைகாட்டலாம், அதனால் நிதானமாகத்தான் குறைப்பார்கள். அதுவரை வீட்டில் செய்யக்கூடியது, பின்னாலிருந்து தொடாமல், எதிரே வந்து "ண்ணா, கையைப் பிடிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பிடிப்பது.